கோட்டை கட்டியவருக்கு ஒரு வரி

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு பங்கர் இருக்கிறது. சுவிசில் பெரும்பாலான கட்டடங்களுக்குக் கீழே இருப்பதுதான். தடித்த கொங்கிரீட் கதவு, சுவரில் காற்றை இழுக்கும் இயந்திரம், மூலையில் கழற்றி அடுக்கிய மரக்கட்டில்கள். எங்களுக்கென்று ஒதுக்கிய கம்பி அடைப்பில் அம்மா அரிசி மூட்டைகளையும் செத்தல் மிளகாய்ப் பெட்டியையும் வைத்திருந்தார். "பங்கருக்குள்ளை போய் ரெண்டு சுண்டு அரிசி அள்ளிக்கொண்டு வா" என்று என்னை அனுப்புவார். பங்கர் என்றால் அரிசி வைக்கும் இடம் என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன்.

அதனால்தானோ என்னவோ, இருபத்தைந்து வயதில், பேர்ன் பல்கலைக்கழகத்தில் வரலாற்று முதுகலைக்கான ஆய்வேட்டை எழுதும்போது, முந்நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் எரிந்துபோன ஒரு கோட்டையின் வரைபடத்தில், நிலத்துக்கடியில் இருந்த அறைகளுக்குப் பக்கத்தில் "தானியக் களஞ்சியம்" என்று எழுதி வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா எட்டு வரை போனார், அதுவும் மூன்று ஊர்களில், மூன்று மரங்களுக்குக் கீழே. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேண்டிய மத்தூரா பரீட்சையில் நான் சித்தியடைந்தபோது அப்பா அந்தச் சான்றிதழைப் பிரதி எடுத்து, வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார். நீராவி பட்டு அது சுருளச் சுருள வேறு பிரதி ஒட்டினார். அவர் பெருமைப்பட்டார், நானும் பட்டேன். இதைப் பணிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பெருமைதான் காரணம் என்பதால் மறைக்கவும் முடியாது.

நான் எடுத்துக்கொண்ட யுத்தம் அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாதது. அமெரிக்கா என்ற நாடு உருவாவதற்கு இரண்டு தலைமுறைக்கு முன், பேர்ன் நகரத்துப் பிரபு ஒருவர் கரோலினாவில் ஆற்றோரமாக ஒரு குடியேற்றத்தை நிறுவி, அதற்குத் தன் ஊரின் பெயரையே வைத்தார். பேர்ன் அரசும் தனக்கு வேண்டாத ஏழைகளையும், வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று நம்பிய பிரிவினரையும் அந்தப் பக்கம் கப்பலேற்றிவிடப் பார்த்தது. போய் இறங்கியவர்கள் வீடு கட்டிய இடம் டஸ்கரோரா என்ற பூர்வகுடி மக்களுக்கும் அவர்களுடைய அயலவர்களுக்கும் சொந்தமானது. ஏற்கெனவே வெள்ளை வியாபாரிகள் அந்த மக்களின் பிள்ளைகளைப் பிடித்து அடிமைகளாக விற்றுக்கொண்டிருந்தார்கள். காணியும் போகத் தொடங்கியதும் சண்டை மூண்டது. இரண்டு வருடங்களில் டஸ்கரோராக்கள் தோற்றார்கள். பிடிபட்டவர்கள் விற்கப்பட்டார்கள். எஞ்சியவர்களில் பலர் வடக்கே நடந்து போனார்கள்.

சண்டைக்கு முந்தைய வருடம் அவர்கள் ஒன்று செய்திருந்தார்கள். பென்சில்வேனியாவுக்குத் தூதர்களை அனுப்பி, எங்களை உங்கள் பக்கத்தில் வந்து குடியிருக்க விடுங்கள் என்று கேட்டார்கள். கையில் சிப்பி மணிகள் கோத்த எட்டுப் பட்டைகள் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு பகுதியினரின் வேண்டுகோள். முதிய பெண்களுக்காக ஒன்று. பயமில்லாமல் விளையாட இடம் வேண்டும் என்று சிறுவர்களுக்காக ஒன்று. பென்சில்வேனியாக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் இப்போது இருக்கும் இடத்து அரசாங்கத்திடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். யாரிடமிருந்து தப்பி ஓட நினைத்தார்களோ அவர்களிடமே போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

இதை நான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அவையளிட்டையும் பொலிஸ் றிப்போட் கேட்டவங்களோ?"

"ஓம் அப்பா. அதே மாதிரித்தான்."

"அப்ப இது பழைய வருத்தம்" என்றார் அவர். அம்மா சிரித்துவிட்டார்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் விண்ணப்பங்களைப் பற்றித்தான் பேச்சு. அப்பாவும் அம்மாவும் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். நான் பதினாறு வயதிலேயே எடுத்துவிட்டேன். அப்பா மொழிப் பரீட்சையில் மூன்று தரம் தவறி நான்காவது தரம் தேறியிருந்தார். அவர் அகதியாக ஏற்கப்பட்டவர். அந்த விசாவோடு உலகத்தில் எங்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. சுவிசின் சிவப்புப் பாஸ்போட் கிடைத்தால்தான் அங்கே போகலாம். அங்கே கிளிநொச்சியில் அவருடைய அக்கா இருந்தார், என் மாமி. கடைசிச் சண்டையில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பங்கருக்குள் இழந்தவர். இப்போது சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அப்பா அவரைக் கண்டு இருபத்தேழு வருடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திரிம்பாக் கோயிலுக்குப் போய்வந்த பிறகு தொலைபேசி எடுப்போம். திரையில் மாமியின் நெற்றி மட்டும் தெரியும்.

"என்னடா தம்பி, எப்ப வாறாய்?"

"வாறன் அக்கா. பேப்பர் வந்த உடனை வாறன்."

"உன்ரை பேப்பர் வாறதுக்குள்ளை எனக்குப் பேப்பர் வந்திடும்" என்பார் மாமி. அங்கே இறந்தவர்களுக்கு ஒட்டும் கண்ணீர் அஞ்சலியைச் சொல்கிறார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் குசினி மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். அகழாய்வு வரைபடத்தைப் பார்த்து நானே பெரிதாக வரைந்தது. டஸ்கரோராக்களின் கடைசிக் கோட்டை. மரத்தூண்களாலான வெளிச்சுவர், மூலைகளில் காவல் முனைகள், உள்ளே நிலத்துக்கடியில் அறைகள், அவற்றை இணைக்கும் சுரங்க வழிகள். அப்பா தேநீரோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

"இது ஆரின்ரை பங்கர்?"

"பங்கர் இல்லை அப்பா. தானியம் வைக்கிற கிடங்கு."

அவர் தேநீரை வைத்துவிட்டு ஒரு அறையின் வாசலில் விரலை வைத்தார். விரல் உள்ளே போய், வழி வளைந்த முடக்கில் திரும்பி, பிறகு நின்றது.

"நெல்லு வைக்கிற கிடங்குக்கு எதுக்குப் பிள்ளை முடக்கு?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"வாசலுக்கு நேரை ஆள் இருக்கக் கூடாது. வெளியிலை வெடிச்சால் சன்னம் நேரைதான் வரும். அதுக்குத்தான் முடக்கு வைக்கிறது. இஞ்சை பொம்பிளையளும் சின்னனுகளும் இருந்திருக்கினம். இந்த மூலை, சுவரோடை. இதை வெட்டினவனுக்குப் பெரிய வெடி எப்பிடி வரும் எண்டு தெரிஞ்சிருக்கு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் வெட்டாத பங்கரோ. ஒரு வருசம் அதுதானே வேலை. சண்டை பிடிச்ச இயக்கத்துக்கும் வெட்டினது, சனத்துக்கும் வெட்டினது. வீட்டுக்கு ஒராள் போகோணும். பனங்குத்தி அடுக்கி, மேலை மண்மூட்டை."

பிறகு வரைபடத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். "ஆனால் ஒண்டு. உள்ளை போனால் வெளியிலை வர வழியில்லை. மேலை மரம். நெருப்பு வைச்சாங்கள் எண்டால் பங்கர் அடுப்புத்தான்."

நெருப்புத்தான் வைத்தார்கள். நான் அதை இன்னும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அன்று அவருக்கு இன்னொரு மனிதரைப் பற்றிச் சொன்னேன். என் ஆய்வேட்டின் நாயகன் என்று நான் மனதில் வைத்திருந்தவர். கடைசிக் கோட்டைக்கு முந்தைய கோட்டை ஒன்று, அதற்கு முன் அந்தப் பக்கம் யாரும் காணாத அளவுக்குப் பலமாக இருந்தது. தாக்க வந்த தளபதியே அசந்துபோய், அதைக் கட்டக் கற்றுக்கொடுத்தவர் தப்பி ஓடிவந்த ஒரு கறுப்பு அடிமை என்று கடிதத்தில் எழுதினான். அவரைப் பற்றி இருப்பது அவ்வளவுதான். எதிரியின் கடிதத்தில் ஒரு வரி. பிறந்த இடம், கட்டக் கற்ற விதம், ஒன்றும் இல்லை. அவரிடம் கற்றதை வைத்துத்தான் கடைசிக் கோட்டையையும் கட்டியிருப்பார்கள் என்பது என் வாதம்.

"அவனுக்கு என்ன நடந்தது?"

"தெரியாது அப்பா. சமாதானம் பேசேக்கை, ஓடிவந்த அடிமையளைத் தரோணும் எண்டு கேட்டவங்கள். குடுத்த ஆக்களிலை ஒராளை அந்த இடத்திலேயே வெட்டிக் கொன்றுபோட்டாங்கள். அது இவர்தானோ எண்டு எழுதேல்லை."

அப்பா தேநீரை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போனார். "கெட்டிக்காரன்" என்றார்.

களஞ்சியம் என்று எழுதியிருந்ததை அழித்தேன். அடிக்குறிப்பில் அப்பாவின் முழுப்பெயரையும் எழுதி, இந்தக் கருத்து அவருடையது, அவர் தன் அனுபவத்திலிருந்து சொன்னது என்று குறித்தேன். பேராசிரியை அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு, இது முக்கியமானது என்று பென்சிலால் இரண்டு தரம் அடிக்கோடிட்டார். ஐந்தாம் வகுப்புப் படித்த என் அப்பா பல்கலைக்கழக ஆய்வில் ஆதாரமாக நிற்கிறார். ரயிலில் ஓல்டன் வரும் வரை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊராட்சியான கெமைண்ட மாதம் ஒருமுறை ஒரு சிறு இதழ் வெளியிடும். குப்பை எடுக்கும் நாட்கள், இறந்தவர்கள், தீயணைப்புப் படையின் விருந்து, இப்படி. அதற்காக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைப் பேட்டி எடுக்க வந்தார். ஊர்ப்பிள்ளை பேர்னின் மறந்துபோன கதையை ஆராய்கிறாள் என்பது அவருக்கு இனிப்பாக இருந்தது. யார் உதவினார்கள் என்று கேட்டார். என் அப்பா என்றேன். எப்படி என்றார். எல்லாம் சொன்னேன். யுத்த காலத்தில் பங்கர்கள் வெட்டியவர், ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார், பேராசிரியர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிகிறது என்று. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு அப்பாவின் கேஸ் சொல்லப்படுவதில்லை. கேஸ் என்றால், வந்த புதிதில் அகதி விசாரணையில் என்ன சொன்னார்கள் என்பது. பெற்றோர் எந்த வழியால் வந்தார்கள், எந்த நாட்டில் எத்தனை நாள் பனியில் நின்றார்கள் என்பதெல்லாம் கல்யாண வீடுகளில் சிரிப்புக் கதைகளாக வரும். கேஸ் மட்டும் வராது. கேட்பது மரியாதை இல்லை. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இதழ் வந்ததும் ஆறு பிரதி எடுத்துவந்து ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பக்கத்தில் பாதி என் படம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட நின்று பார்த்தார். பேசும் ஜெர்மன் வந்துவிட்டது, அச்சடித்த நீள வசனங்கள் அவருக்கு இன்னும் சிரமம்.

"கீழை என்ன எழுதியிருக்கு?"

"உங்களைப் பற்றி அப்பா."

"என்னைப் பற்றி என்ன?"

"நல்லதுதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். என்ன நல்லது என்று அவர் கேட்கவில்லை. நான் வாசித்துக் காட்டவுமில்லை.

குடியுரிமைக் குழுவின் நேர்காணல் வைகாசியில் நடந்தது. அப்பா ஏரிகளின் பெயர்களையும் அமைச்சர்கள் எத்தனை பேர் என்பதையும் பாத்திரம் கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தார். அம்மா எந்தக் குப்பை எந்தப் பையில் என்பதில் புலி. நான் கெமைண்ட அலுவலகத்தின் நடையில் காத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் ஒருமுறை எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று நினைத்து மாமிக்கு ஒரு குரல் செய்திகூட அனுப்பினேன். "மாமி, அப்பா வாறார்" என்று.

வெளியே வந்த அப்பா என்னைப் பார்க்காமல் படி இறங்கினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

"என்னம்மா, என்ன கேட்டவை?"

"எல்லாத்துக்கும் வடிவாச் சொன்னவர். ஒரு பிழையில்லை. கடைசியிலை ஒரு மனுசன், நரைச்ச தாடி, சிவில் பாதுகாப்பிலை இருந்தவராம். சிரிச்சுக்கொண்டு கேட்டார், இதழிலை வாசிச்சனான், நீங்களும் பங்கர் கட்டினவராமே, எங்களிட்டையும் ஊர் முழுக்கப் பங்கர்தான், நீங்கள் எப்பிடிக் கட்டினனீங்கள் எண்டு. உன்ரை அப்பா இல்லையெண்டு சொல்லிப்போட்டார்."

"இல்லையெண்டோ?"

"நான் கட்டேல்லை எண்டார். மனுசன் திருப்பிக் கேட்டுது, உங்கடை மகள் அப்பிடித்தானே சொல்லியிருக்கிறா எண்டு. மகளுக்குத் தெரியாது, நான் ஒருநாளும் வெட்டேல்லை, தோட்டம்தான் செய்தனான் எண்டார். பக்கத்திலை இருந்த மனுசி அதை எழுதினவ. அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை."

தண்டவாளத்துக்குக் கீழே போகும் சுரங்கப் பாதையில் அப்பா எங்களுக்காக நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பிள்ளை, நான் வரேக்கை சொல்லித்தந்தவங்கள், மண்வெட்டி எண்டு வாயிலை வரக்கூடாது எண்டு. இயக்கத்துக்கு ஒரு கல்லுத் தூக்கினனீ எண்டு எழுதினாலும் திருப்பி அனுப்புவாங்கள் எண்டு. நான் தோட்டம் எண்டு சொன்னனான். தோட்டமும் செய்தனான்தானே. இருபத்தேழு வருசமா அந்தக் கதைதான். இண்டைக்கு அந்தாள் கேக்க வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது."

"ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே அப்பா. எல்லாச் சனமும்தானே வெட்டினது. ஒரு பிரச்சினையும் வந்திருக்காது."

"ஓம்" என்றார். "இப்ப விளங்குது."

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரரின் தகவல்களில் முரண்பாடு உள்ளதால், பழைய அகதி விசாரணைக் கோவையைப் பார்வையிட்டுத் தெளிவுபடுத்தும் வரை நடைமுறை நிறுத்தி வைக்கப்படுகிறது. எவ்வளவு காலம் என்று இல்லை. நான் கெமைண்ட கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பெண் நல்லவிதமாகப் பேசினார். ஒரு வருடம் எடுக்கலாம், கூடவும் எடுக்கலாம் என்றார். பிழை என்னுடையது, இதழில் நான்தான் தவறாகச் சொன்னேன் என்று எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். எழுதினால் அதையும் கோவையில் சேர்த்துப் பரிசீலிப்பார்களாம்.

அன்றைக்கே கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். எதை எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா வெட்டவில்லை என்று எழுதினால் என் ஆய்வேட்டில் அவர் பெயரோடு இருக்கும் அடிக்குறிப்பு அதை மறுக்கும். வெட்டினார் என்று எழுதினால் அவர் அகதியாக ஏற்கப்பட்ட கதையையே நான் உடைத்தவளாவேன். அப்பா வந்து திரையைப் பார்த்தார்.

"ஒண்டும் எழுதாதை பிள்ளை" என்றார். "எழுதினது காணும்."

மாமி ஆவணியில் இறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசி எடுத்து, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்தபோது எழும்பவில்லை என்று சொன்னார். அப்பா அன்று வேலைக்குப் போனார். லீவு கேட்டால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள், எங்கே போகிறேன் என்று சொல்வது என்றார். என் தொலைபேசியில் மாமிக்கு அனுப்பிய அந்தக் குரல் செய்தி கேட்கப்பட்டதற்கான நீல அடையாளத்தோடு இன்னும் இருக்கிறது.

ஆய்வேட்டை ஐப்பசியில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன். நன்றியுரையில் "என் பெற்றோருக்கு" என்று மட்டும் விட்டேன். நிலத்தடி அறைகள் பெண்களும் சிறுவர்களும் ஒதுங்கியவை என்ற வசனம் யாருடையதும் இல்லாமல் நின்றது. தப்பி ஓடிவந்தவருக்கு எதிரியின் கடிதத்தில் கிடைத்த அந்த ஒரு வரியை அப்படியே மேற்கோளாகப் போட்டேன். அவரைப் பற்றி அதற்கு மேல் எழுத என்னிடமும் எதுவும் இல்லை.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியை அந்தப் பக்கத்தைத் திறந்தார். முதல் பிரதியில் இங்கே ஒரு பெயர் இருந்ததே என்றார். அந்த நபர் தன் பெயரை விரும்பவில்லை, அவர் சொன்னதும் சரியாக நினைவில் இல்லையாம் என்றேன். அப்படியானால் இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்.

"அறைகளின் வாசலில் முடக்கு இருக்கிறது" என்றேன். "தானியத்துக்கு முடக்கு தேவையில்லை."

அவர் வரைபடத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மற்றப் பேராசிரியரும் குனிந்து பார்த்தார். விரலை வாசலில் வைத்து, உள்ளே கொண்டுபோய்த் திருப்பினார்.

"அழகான கவனிப்பு. அப்படியானால் இது உங்களுடைய கண்டுபிடிப்பா?"

ஆம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பின்னேர வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாதிரி?"

"ஆறுக்கு ஆறு அப்பா."

அவர் ஒரு காலில் சப்பாத்தோடு எழுந்து என் தலையில் கைவைத்தார். பிறகு குனிந்து மற்றச் சப்பாத்தின் நாடாவைக் கட்டினார்.

"என்ரை பேர் இல்லைத்தானே?"

"இல்லை."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போனார்.